வாயுவா... மாரடைப்பா?

ராத்திரி பதினொரு மணி. சாப்பிட்டுப் படுத்த அப்பா எழுந்து உட்காருகிறார். ‘‘நெஞ்சை என்னமோ அழுத்துதும்மா... வாயுவா இருக்கும், கொஞ்சம் ஓமத் தண்ணி குடு’’ என்கிறார். நீங்களும் கொடுக்கிறீர்கள். ‘காலைல டாக்டரைப் பார்த்துக்கலாம்’ என்று விளக்கை அணைக்கிறீர்கள். தவறு நடப்பது இந்த இடத்தில்தான்!

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாயில் கொழுப்பு படிந்து வழி குறுகினால், மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கும். உட்கார்ந்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். இது ஆஞ்சைனா. அதே குழாயில் ரத்தம் உறைந்து வழி அடைபட்டால் மாரடைப்பு. ஓய்வெடுத்தாலும் வலி விடாது. தோள், இடது கை, தாடை, முதுகு என்று பரவலாம். குப்பென்று வியர்க்கும். மூச்சு வாங்கும். வாந்தி வரலாம்.

சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வலியே இல்லாமல், ‘ஒரே அசதியா இருக்கு, மூச்சு முட்டுது’ என்று மட்டும் சொல்லலாம்.

முன்பு மூன்றாவது மாடியில் வந்த வலி இப்போது முதல் மாடியிலேயே வருகிறதா? சும்மா இருக்கும்போதும் வருகிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* நடக்க விடாதீர்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து, சாய்ந்தாற்போல உட்கார வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள்.

* முதல் தடவை வரும் வலி என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டர் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள்.

* டாக்டர் ஏற்கெனவே ஐசோசார்பைடு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள். உட்கார்ந்தபடிதான், நின்றால் பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம். ஆண்மைக் குறைவு மாத்திரை சாப்பிட்டவருக்கு இது கூடாது. ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108.

* ஆஸ்பிரின் அலர்ஜியோ, வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவோ இல்லாதவர் என்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம்.

* நினைவு தப்பி, மூச்சும் நின்றுவிட்டால் மார்பின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அது நார்மலாக இருந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். மறுபடி இ.சி.ஜி.யும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்தால்தான் உறுதியாகத் தெரியும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியோ, பலூன் சிகிச்சையோ எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ, அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

வீடு திரும்பிய பிறகு? மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்; முக்குவது இதயத்துக்குச் சுமை. பீடி, சிகரெட்டுக்கு முழுக்கு!

‘வெறும் வாயுதான்’ என்று டாக்டர் திருப்பி அனுப்பினால் வெட்கப்பட என்ன இருக்கிறது? அப்பாவோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.