அழுகையின் நிலைக்களன்களும் அறத்தொடு நிற்றலும்
கல்லூரி மாணவர் மனநலம் குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

கல்லூரிப் பருவத்தை வாழ்வின் வசந்தம் என்று மேடைதோறும் போற்றுகின்றோம். அப்பருவத்தின் மறுபக்கத்தைப் பேசுவதற்கு மட்டும் தயங்குகின்றோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல் என்பது இதன் பொருள். மனநோய்களில் நான்கில் மூன்று பங்கு 24 வயதிற்குள்ளாகவே தொடங்கிவிடுகின்றன என்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எனவே, மாணவர் மனநலம் மருத்துவர்க்கு மட்டும் உரிய பொருளன்று. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரியது. உடன் பயிலும் நண்பர்க்கு இன்னும் உரியது.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மனத்தின் துயரை நுணுகி நோக்கிய மரபு நம் இலக்கண இலக்கியங்களில் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் சங்க அகப்பாடல்களின் சில துறைகளையும் துணைக்கொண்டு, இன்றைய மாணவர் நிலையை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

மெய்ப்பாடு காட்டும் உண்மை

உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு ஆகும். நகை, அழுகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். உள்ளம் வாய்திறவாதபோதும் உடல் பேசிவிடும் என்னும் கருத்து இவ்வியலின் அடிப்படை எனலாம்.

இவ்வுண்மையை வகுப்பறையில் நாள்தோறும் காணலாம். மனம் நொந்த மாணவர் 'என் மனம் சரியில்லை' என்று வந்து கூறுவது அரிது. தலைவலி என்பார், வயிற்றுவலி என்பார், இரவில் உறக்கம் வரவில்லை என்பார். விடுதி உணவுக்கூடத்திற்கு வருவதைக் குறைத்துக்கொள்வார். முதல் வரிசையில் அமர்ந்தவர் கடைசி வரிசைக்குச் செல்வார். பின்னர் வகுப்பிற்கே வாரார். வருகைப் பதிவேட்டில் இது சோம்பல் என்று பதிவாகும். ஆர்வமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, தன்னைத் தானே இழித்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்பது மருத்துவர் கருத்து. ஆகவே, பதிவேட்டில் வருகைக் குறைவைக் காணும் ஆசிரியர் தண்டத்தொகை குறித்துப் பேசுமுன் உறக்கம் குறித்து ஒரு வினாவை எழுப்புதல் நன்று.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்பார் தொல்காப்பியர். உரையாசிரியர் கூறும் விளக்கங்களைத் தழுவி இவற்றை மாணவர் வாழ்வோடு பொருத்திக் காண்போம்.

இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியராதல். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த மாணவர் ஆங்கிலத்தில் விடையிறுக்கத் தடுமாறும்போது எழும் சிரிப்பொலி, மதிப்பெண்களை வகுப்பில் உரக்கப் படித்தல், விடுதியில் நிகழும் ராகிங், சாதி, நிறம், உடை குறித்த கேலி ஆகியன இதன்பாற்படும்.

இழவு என்பது உற்றாரையும் உரியவற்றையும் இழத்தல். தந்தையை இழந்த மாணவர் மூன்றாம் நாளே தேர்வெழுத வந்து அமர்வதைக் காண்கின்றோம். அவர் வந்துவிட்டார் என்பதனால் தேறிவிட்டார் என்று கொள்ளலாகாது. காதல் முறிவும் இழவே. அதனை விடலைத்தனம் என்று நகைத்து ஒதுக்குவோர், அகத்திணையைப் பாடம் நடத்துவதில் பொருளில்லை.

அசைவு என்பது பண்டைய நிலை கெட்டு வருந்துதல். நான்கினுள் கல்லூரிக்கு மிகவும் பொருந்துவது இதுவே. தன் ஊர்ப் பள்ளியில் முதலிடம் பெற்றவர், அவரைப்போன்ற முதல் மாணவர் பலர் கூடிய வகுப்பில் நடுவிடத்திற்கு இறங்குகின்றார்; முதற்பருவத்திலேயே இரண்டு தாள்களில் அரியர் விழுகின்றது. 'நான் யார்' என்று அவர் அதுகாறும் கொண்டிருந்த எண்ணமே சரிகின்றது. ஊரார்க்கு இச்செய்தி தெரியாது. தெரியலாகாது என்பதே அவருடைய அச்சம்.

வறுமையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் ஒன்றைச் சமுதாயப் பெரியோர் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஏழை மாணவரை மேடையேற்றி, பெயர் கூறி, உதவித்தொகையைக் கொடுத்துப் படம் எடுக்கும்போது வறுமையைப் போக்குகின்றோம். அதே வேளையில் இளிவை உண்டாக்கிவிடுகின்றோம். ஒரு நிலைக்களனை மூடி மற்றொன்றைத் திறத்தல் உதவியாகாது. கட்டணம் அலுவலகத்தில் ஓசையின்றிச் செலுத்தப்படுதலே மாணவர்க்குச் செய்யும் இரட்டை உதவியாகும்.

இந்நான்கும் தனித்தனியே வருவதில்லை என்பதும் எண்ணத்தக்கது. அரியர் விழுந்தால் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் விடுதிக் கட்டணம் நிலுவையாகும். நிலுவைப் பட்டியலில் பெயர் ஒட்டப்படும். ஒன்று மற்றொன்றை அழைத்து வரும்.

காரணம் தெரியும் துயரும் தெரியாத துயரும்

எல்லாத் துயர்க்கும் வெளிக்காரணம் காட்ட இயலுமா? இவ்வினாவிற்கு ஆயிரமாண்டுகளுக்கு முன்பே விடை கூறியவர் அபூ ஸைத் அல்பல்கீ. 934ஆம் ஆண்டில் மறைந்த இவ்வறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதியவர். துயரத்தை அவர் இருவகையாகப் பகுத்தார். பொருள் இழப்பு, உறவினர் பிரிவு போன்ற அறிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் இன்னதென்று அறியப்படாது தோன்றுவது மற்றொன்று. பின்னதற்கு உடலினுள் வேர் உண்டு என்றும், அதற்கு உடல்வழி மருத்துவமும் வேண்டும் என்றும் அவர் கருதினார்.

'உனக்கு என்ன குறை? உண்ண உணவில்லையா? உடுக்க உடையில்லையா?' என்று வினவும் பெற்றோர்க்கு இப்பகுப்பு நல்ல விளக்கம் தரும். குறை ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் மனச்சோர்வு வரலாம். அது நன்றிகெட்ட தன்மையும் அன்று; இறைப்பற்றின் குறைவும் அன்று. மனச்சோர்விற்குத் தரப்படும் மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் அல்ல. அவை பயன் தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்தலாகாது. இச்செய்திகளை அறியாமையால் பத்து நாளில் மருந்தை நிறுத்தி, 'மருத்துவமும் பயனளிக்கவில்லை' என்று முடிவு கட்டுவோர் பலர்.

வெறியாட்டும் வெறிவிலக்கும்

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சி. மகளின் மெலிவு முருகனால் வந்தது என்று எண்ணிய தாய், வேலனை அழைத்துக் களம் இழைத்து வெறியாடச் செய்வாள். இதனைப் பாடிய சிறப்பால் ஒரு புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் பெற்றார். தாயின் அன்பில் குறையில்லை. அவள் கண்ட காரணந்தான் தவறு. தோழி இடைபுகுந்து வெறியை விலக்குவாள். காதல் நோயை மனநோய் என்பது நம் கருத்தன்று. துயரின் உண்மைக் காரணத்தை விடுத்துப் பிறிதொன்றைத் தேடும் பிழை மட்டுமே ஈண்டு ஒப்புமை.

இப்பிழையின் விலை எத்தகையது என்பதை நம் தமிழ் மண்ணே கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட இயலாது மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டவர்களும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் தர்கா வருவோர்க்கு மனநல மருத்துவமும் கிடைக்க வழி செய்யப்பட்டது. துஆவை விட்டுவிடு என்று அங்கு எவரும் கூறுவதில்லை. மருந்தையும் உட்கொள் என்றே கூறுகின்றனர். பெரியோர் நிறைந்த குடும்பங்களில் இவ்விரண்டையும் பகையாக்காது உடனிருக்கச் செய்தலே நோயுற்ற பிள்ளைக்கு நன்மை பயக்கும். 'வெளியே தெரிந்தால் பெண்ணின் திருமணப் பேச்சுக்குத் தடையாகும்' என்று மறைத்துவைக்கும் ஒவ்வொரு திங்களும் நோய் வேரூன்றும் திங்களாகும்.

தோழியின் கடமை

மாணவர் தம் துயரை முதலில் கூறுவது பெரும்பாலும் நண்பரிடமே. 'எவரிடமும் சொல்லாதே' என்னும் உறுதிமொழியையும் உடன் பெற்றுக்கொள்வர். உயிர்க்கு இடர் என்று அறிந்தபின் அந்த உறுதிமொழியைக் காப்பது நட்பாகுமா?

இவ்வினாவிற்குக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு விடையாகின்றது. பத்துப்பாட்டினுள் 261 அடிகளால் அமைந்த இப்பாடல் முழுவதும், தலைவியின் மறையைத் தோழி செவிலிக்கு எடுத்துரைக்கும் அறத்தொடு நிற்றல் துறையே. தலைவிக்கும் செவிலிக்கும் இடையே தான் படும் இரு பேரச்சத்தை, பகைகொண்ட இரு வேந்தரிடையே நின்ற சான்றோர் நிலைக்கு அவள் ஒப்பிடுகின்றாள். இறுதியில் பேசத் துணிகின்றாள். மறையை வெளிப்படுத்திய அச்செயலை நம் முன்னோர் காட்டிக்கொடுத்தல் என்னவில்லை. அறத்தொடு நிற்றல் என்றனர். தோழி அச்செய்தியைத் தெருவெங்கும் பரப்பவுமில்லை. ஊரார் பேசுவது அலர். உரியவரிடம் உரைப்பது அறம். இவ்வேறுபாட்டை மாணவர் நெஞ்சில் நிறுத்தல் வேண்டும்.

செய்யத்தக்கன எவை? முதலாவது, கேட்டல். இடைமறித்து அறிவுரை கூறாமல், 'உன்னைவிடத் துன்புறுவோர் பலர்' என்று ஒப்பிடாமல் கேட்டல். இரண்டாவது, நேராக வினவல். 'உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகின்றதா?' என்று வினவினால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று அஞ்சுவர். அவ்வச்சம் தேவையற்றது, அவ்வினா பலர்க்குச் சுமையை இறக்கிவைக்கும் வாயிலாகின்றது. மூன்றாவது, தனியே விடாதிருத்தல். நான்காவது, ஆசிரியர், விடுதிக் காப்பாளர், உளநல ஆலோசகர், குடும்பத்தார் என உரிய ஒருவரிடம் அன்றே உரைத்தல். தனக்கு உரிய பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவது போலப் பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் மறுநாளைக்கு ஒத்திவைத்தல் கூடாது.

செவிலியின் இடத்தில் நிறுவனம்

தோழி பேசியபின் கேட்பதற்குச் செவிலி இருத்தல் வேண்டும். கல்லூரியில் அவ்விடம் ஆசிரியர்க்கும் நிருவாகத்திற்கும் உரியது. 2025ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனத்தில் தகுதிவாய்ந்த ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆசிரியரும் அலுவலரும் ஆண்டிற்கு இருமுறையேனும் பயிற்சி பெறல் வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும்.

ஆலோசகரை அமர்த்துவது தொடக்கமே. அவருடைய அறை முதல்வர் அலுவலகத்தின் எதிரே அமைந்தால் எம்மாணவரும் நுழையார். அங்குப் பேசியது ஒழுக்கக் குழுவிற்குச் செல்லும் என்னும் ஐயம் இருந்தால் எவரும் வாய்திறவார். உயிர்க்கு இடர் என்னும் நிலை தவிர, ஏனைய செய்திகள் அவ்வறையைவிட்டு வெளியேறா என்னும் உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும்.

வழக்கு வந்துவிடும் என்னும் அச்சமும் குடும்பங்களில் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. உயிர்விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும்; அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது அச்சட்டம். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைப் போன்ற பொதுவான குற்றப்பிரிவு இல்லை. எனவே, வழக்கிற்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்த்தல் வேண்டா.

உதவிக்கு வழிகளும் உள. 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உதவும். சென்னையில் 1986 முதல் 'சிநேகா' அமைப்பின் தன்னார்வலர் மனமுடைந்தோர்க்குச் செவிகொடுத்து வருகின்றனர். தோல்வியுற்ற பள்ளி மாணவர் ஓராண்டை இழவாமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுத வழிசெய்யும் துணைத்தேர்வு முறைக்கு வலியுறுத்தியவர்களுள் இவ்வமைப்பினரும் அடங்குவர். ஆறுதல் மொழியோடு விதியை மாற்றுவதும் உயிர் காக்கும் பணியே என்பதற்கு இது சான்று.

முடிவுரை

இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கையும் முற்றாக ஒழித்தல் எந்தக் கல்லூரிக்கும் இயலாது. இழவையும் அசைவையும் எவராலும் தடுக்க இயலாது. எனினும் இளிவு பெரிதும் நம் கையில் உள்ளது; வறுமையின் கடுமையைக் குறைப்பதும் நம் கையில் உள்ளது. மதிப்பெண்ணை உரக்கப் படிக்காதிருத்தல், நிலுவைப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதிருத்தல், உதவியை ஓசையின்றிச் செய்தல் ஆகியவற்றிற்குப் பொருட்செலவு இல்லை, இவ்வாண்டே தொடங்கலாம்.

துன்புறும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். நோயை ஒருவரிடம் உரைத்தல் கோழைத்தனம் அன்று. துயருற்ற தலைவிக்குப் பேசுவதற்கு ஒரு தோழியை வைத்தது நம் இலக்கியம். உங்களுக்கும் ஒருவர் இருக்கின்றார். அவர் அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கலாம், ஆசிரியர் அறையில் இருக்கலாம், தொலைபேசியின் மறுமுனையில் இருக்கலாம். அவரிடம் இன்றே பேசுங்கள்.