கறுப்பும் கசப்பும் காஃபீன் அல்ல

முப்பது, நாற்பது வயதுவரை காப்பியைத் தொடாதிருந்துவிட்டு, இரவுப் பணியின் பொருட்டோ நண்பர்களின் வற்புறுத்தலாலோ முதன்முறையாக அதைக் குடிக்க எண்ணும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: டிகாக்‌ஷன் எந்த அளவுக்குக் கறுத்து, கசந்து, நாக்கில் கனமாக நிற்கிறதோ, அந்த அளவுக்கு அதில் காஃபீன் மிகுதி என்பதே அது. வீட்டுப் பெரியவர்கள் முதல் காப்பித்தூள் கடையில் வரிசையில் நிற்பவர்கள் வரை அனைவரும் இதை ஐயமின்றிச் சொல்கிறார்கள். இதை நம்புகிற புதியவர்களில் துணிந்தவர் சிக்கரி நிறைந்த கறுத்த காப்பியைக் கேட்டு வாங்கி, அதன் கசப்பில் முகம் சுளித்துக் காப்பியையே வெறுக்கிறார். அஞ்சுகிறவரோ பழுப்பு நிறம் குறைந்ததைப் பாதுகாப்பானது என்று எண்ணிக் குடித்துவிட்டு, இரவெல்லாம் உறக்கமின்றிப் புரள்கிறார். இருவரையும் ஏமாற்றியது ஒரே பொய்தான்.

காஃபீன் என்பது காப்பிச்செடி தன் விதைகளிலும் இலைகளிலும் உருவாக்கிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள். தூய நிலையில் அது மணமற்ற வெண்ணிறத் தூள், நீரில் கரைந்தால் அதற்கு நிறமே இல்லை. டிகாக்‌ஷனின் கருமை, கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள சர்க்கரைகளும் புரதக்கூறுகளும் வினைபுரிந்து உண்டாக்கும் மெலனாய்டின் என்னும் பழுப்பு நிறமிகளிலிருந்து வருகிறது. கசப்பின் கதையும் அவ்வாறே. காஃபீன் கசக்கும் என்பது உண்மையே. ஆயினும் காப்பியின் கசப்பில் அதன் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம் மட்டுமே என்று ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹோஃப்மனின் குழு 2007இல் எடுத்துரைத்தது. பெரும்பகுதிக் கசப்பு, பச்சைக் கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் வறுவலில் சிதைவதால் தோன்றுகிறது: இள, நடுத்தர வறுவலில் அவை லாக்டோன்கள் என்னும் மென்கசப்புப் பொருள்களாகவும், வறுவல் முற்ற முற்ற, நாவில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் உறுத்துகிற ஃபீனைலிண்டேன்களாகவும் மாறுகின்றன. வறுவல் முற்றுவதால் கொட்டையில் காஃபீன் கூடுவதும் இல்லை, பெரிதாகக் குறைவதும் இல்லை. ஆகவே கருகிய கொட்டையின் கசப்பைக் காஃபீனின் வீரியமாகக் கொண்டாடுவதற்கு வேதியியலில் எந்த ஆதாரமும் கிடையாது.

சிக்கரியைப் பற்றிய நம்பிக்கை இதைவிடவும் பிடிவாதமானது. சிக்கரி என்பது காப்பியோடு எவ்வித உறவுமில்லாத, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகும் அந்த வேரை நறுக்கி, உலர்த்தி, வறுத்து அரைப்பதே நம் தூளில் சேர்கிறது. 1806இல் நெப்போலியன் விதித்த வணிகத் தடையால் காப்பிக்கொட்டை அரிதானபோது பிரெஞ்சுக்காரர்கள் மாற்றாகப் பெருமளவில் நாடிய பொருள் இது. இதில் காஃபீன் அறவே இல்லை. இதிலுள்ள இனுலின் என்னும் மாவுப்பொருள் வறுபட்டுக் கருஞ்சர்க்கரைபோல் ஆவதாலும், வறுத்த காப்பித்தூளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நீரில் கரைய, சிக்கரித்தூளில் பாதிக்கும் மேல் கரைந்துவிடுவதாலும், அது கலந்த டிகாக்‌ஷன் கறுத்தும் கெட்டியாகவும் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்தக் கனத்தைக் காப்பியின் கணக்கில் எழுதுவதுதான் பிழை.

இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டியதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளே போதும். வறுத்த காப்பியில் குறைந்தது 1 சதவீதம் காஃபீன் இருக்கவேண்டும் என்று வரையறுக்கும் அவ்விதிகள், சிக்கரி கலந்த தூளுக்கு 0.6 சதவீதமே போதும் என்கின்றன; கலவையில் காப்பியின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்றும், இரண்டின் விகிதத்தையும் பொட்டலத்தின் மீது அச்சிடவேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. சிக்கரி ஏறினால் காஃபீன் இறங்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட பிறகும், நாற்பது சதவீதம் சிக்கரி கலந்த தூளைப் பெருவீரியமுள்ளதென்று பரிந்துரைப்பவர்கள் கையிலுள்ள பொட்டலத்தைத் திருப்பிப் படிப்பதே இல்லை.

காஃபீனின் அளவை உண்மையில் தீர்மானிப்பவை, கொட்டையின் இனமும் தூளின் எடையும்தான். அராபிகா இனக் கொட்டையில் ஏறத்தாழ 1.2 சதவீதமும், ரொபஸ்டா இனத்தில் ஏறத்தாழ 2.2 சதவீதமும் காஃபீன் உள்ளது. ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் தூள் என்று கொண்டால், சிக்கரியே இல்லாத தூய அராபிகாவில் 120 மில்லிகிராமும், தூய ரொபஸ்டாவில் 220 மில்லிகிராமும், அறுபதுக்கு நாற்பது என்று சிக்கரி கலந்த அராபிகாத் தூளில் வெறும் 72 மில்லிகிராமும் இருக்கும். வடிகட்டிய சக்கையில் சிறிதளவு தங்கிவிடும் என்றாலும் ஒப்பீடு மாறாது. மூன்றில் மிகக் கறுத்த டிகாக்‌ஷன் தரும் தூளிலேயே காஃபீன் மிகக் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உடல்நலமுள்ள பெரியவர் ஒருவேளைக்கு 200 மில்லிகிராமும் நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும் வரை கொள்ளலாம். கருவுற்ற பெண்களுக்கு நாள் முழுவதற்கும் 200 மட்டுமே. நாள்தோறும் குடிப்பவரின் உடல் காஃபீனுக்குப் பழகியிருக்கும். புதியவருக்கு அப்பழக்கம் இல்லாததால் இரத்த அழுத்தமும் படபடப்பும் எளிதில் ஏறும். நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அறிவுரை இந்த இடத்தில்தான் வெறும் அறியாமை என்பதைக் கடந்து, தீங்காக மாறுகிறது.

எனவே முதல் காப்பிக்கு உரியது, அண்மையில் வறுத்து அரைத்த, நடுத்தர வறுவலான, சிக்கரி கலவாத அராபிகா. கடைகளில் ‘பிளாண்டேஷன் ஏ’ என விற்பது, பழத்தோலை நீரில் நீக்கிப் பதப்படுத்திய அராபிகா. ‘பீபரி’ என்பது ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதிலாக ஒன்றே விளைந்த உருண்டைக் கொட்டை, அது எந்த இனத்திலும் கிடைக்கும் என்பதால் இனத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும். தூள் ஐந்து கிராம் போதும். பாலிலுள்ள புரதம் காப்பியின் துவர்ப்பைப் பிடித்து அடக்குவதால் பால் சேர்ப்பதில் இழிவு ஏதுமில்லை. கறுப்பாகக் குடிப்பவரே சுவையறிந்தவர் என்பது வீண் பெருமை. காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கப் பொதுவாக ஐந்து மணிநேரமாவதால், மாலைக் காப்பியைப் புதியவர் தவிர்ப்பது நன்று. காப்பியின் பாலிஃபீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுப்பதால், உணவோடும் உணவு முடிந்த கையோடும் குடிப்பதைவிட, நண்பகல் உணவுக்கு ஒரு மணிநேரம் முன்பாகக் குடிப்பது ஏற்றது; இரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் கருதவேண்டும்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. காப்பி உடலின் நீரை வற்றச் செய்யும் என்பதை, மிதமாகக் குடிப்போரிடம் பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு மறுத்துவிட்டது. புற்றுநோய் அச்சத்தைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் காப்பியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியது; ஆனால் 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடிப்பதும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிகோலக்கூடும் என்று எச்சரித்தது, ஆகவே ஆவி பறக்க விழுங்குவதை விட்டுவிடவேண்டும். காஃபீன் நீக்கிய காப்பியிலும் சிறிதளவு காஃபீன் எஞ்சியிருக்கும். காப்பி குடித்தால் மதுபோதை தெளியும் என்பது முழுப்பொய்.

பொட்டலத்தின் மீது சட்டம் வற்புறுத்தும் விகிதம், அதே தூள் உணவகத்தின் டம்ளரை அடைந்ததும் காணாமற்போவது இங்கு மிக முக்கியமான குறை. உணவகங்களின் விலைப்பலகையில் விலை இருக்கிறது. கொட்டையின் இனமோ சிக்கரியின் பங்கோ பெரும்பாலும் இருப்பதில்லை. பல பொட்டலங்களிலும் இனம் குறிப்பிடப்படுவதில்லை. இந்தியாவில் விளையும் காப்பியில் பெரும்பங்கு ரொபஸ்டா. தமிழ்நாட்டின் சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழநி மலையிலும் விளைவதோ பெரிதும் அராபிகா, அதுவும் மர நிழலில், மிளகுக் கொடியோடும் ஆரஞ்சோடும் மலைவாழையோடும் ஊடுபயிராக வளர்வது. அந்தக் கொட்டை சமவெளிக்கு இறங்கி, பெயரற்ற கலவையில் கரைய, அதன் மென்மையான மணத்தைச் சிக்கரியின் கருமை மூடிவிடுகிறது. விளைவித்த சிறு விவசாயிக்குப் பெயருக்குரிய விலையும் கிடைப்பதில்லை. ‘ஏற்காடு அராபிகா, சிக்கரி இல்லை’ என்றோ, ‘ரொபஸ்டா எழுபது, சிக்கரி முப்பது’ என்றோ விலைக்கு அருகில் ஒரு வரி எழுதும்படி உணவகங்களை அரசு பணிக்கவேண்டும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம் சுண்ணக்கட்டி மட்டுமே.