உதைபந்தாட்டத்தில் மீட்டழைத்தற்குரியார் யார்?

மாந்தர் தம் ஓய்வுப்பொழுதை வாதத்திற் கழிக்குங்கால், முடிவு காணவொண்ணாத வாதங்களையே பெரிதும் விரும்புகின்றனர். மறைந்துபோன ஆட்டவீரருள் ஒருவரை இன்று மீட்டழைக்கக் கூடுமாயின் யாரை அழைப்பது என்னும் வினா அவ்வகையைச் சார்ந்தது. பிரேசில் நாட்டார் 2022-ஆம் ஆண்டு மறைந்த பெலேயைக் கூறுவர். அர்ஜென்டினா நாட்டார் 2020-ஆம் ஆண்டு மறைந்த மரடோனாவையன்றிப் பிறரை எண்ணார். ஹங்கேரியர்க்குப் புஸ்காஸ் ஒருவரே போதும். அன்னார்க்கு விடை எளிது. நம்மவர்க்கோ, அழைத்தற்குரியார் நம் நாட்டிலும் இருந்தனர் என்பதே பலர்க்குப் புதுச் செய்தியாயிருக்கின்றது. ஐரோப்பியக் கிளப்புகளின் ஆட்டத்தை நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து காணும் நம் விடுதி அன்பர்களுள், 1962-இல் ஆசியாவை வென்ற இந்திய அணியில் மூவர் பெயரைச் சொல்ல வல்லார் எத்துணைப் பேர்? ஆதலின் இவ்வினாவைச் சிறிது ஆராய்தல் தகும்.

முதற்கண் வினாவின் பொருளைத் தெளிதல் வேண்டும். மிகச் சிறந்தவர் யார் என்பது வேறு. நமக்கு இன்று மிகவும் வேண்டப்படுபவர் யார் என்பது வேறு. மீண்டும் ஆடும் உரிமை யார்க்கு மிகுதி என்பது இவ்விரண்டினும் வேறு. வாதிடுவோர் இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுதலாலேயே வாதம் முடிவதில்லை.

மூன்றாவது பொருளுக்குத் தமிழில் ஓர் அளவுகோல் உண்டு. இறந்தாரை எண்ணி ஏங்கும் பாட்டைக் கையறுநிலை என்னும் துறையுள் அடக்கினர் நம் முன்னோர். பாரியை இழந்த கபிலரும், அதியமானை இழந்த ஔவையாரும் பாடியவை புறநானூற்றில் உள. கையறுநிலை புரவலர் யார்க்கும் பொதுவாம், நடுகல்லோ அங்ஙனமன்று. தொல்காப்பியனார் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அறுவகையாக விரித்துரைக்கும் அக்கல், போரிடையே வீழ்ந்த மறவர்க்கு உரியது. மூத்து விளிந்தார்க்கு அச்சிறப்பு இல்லை. எம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. செய்து முடித்தவனினும், செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்தப்பட்டவனையே ஊர் கல்லில் எழுப்பிற்று என்பது இதனாற் பெறப்படும். இங்கிலாந்து நாட்டில், 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்துக்குள்ளாகி இருபத்தொரு வயதில் உயிர்நீத்த டங்கன் எட்வர்ட்ஸின் பெயரை இன்னும் முதியோர் உருக்கத்துடன் கூறுதலும் இதனானேயாம்.

இனி நம் நாட்டார் யாவரென நோக்குவோம். 1911 ஜூலை 29-ஆம் நாள் கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயம் பெற்ற மோகன் பகான் அணியாரை முதலிற் கூறுவோர் உளர். பதின்மர் வெறுங்காலொடு ஆட, பூட்சு அணிந்து ஆடியவர் சுதீர் சாட்டர்ஜி ஒருவரே. எனினும் இவரெல்லாம் வரலாற்றுக்கு உரியராயினர். இவர்தம் ஆட்டத்தைக் கண்டாரும் இல்லை, அதனை இன்றைய ஆட்டத்தொடு ஒப்பிடற்குச் சான்றும் இல்லை. ஆட்டக்காரரை விடுத்துப் பயிற்சியாளர் ரகீமை அழைத்தலே அறிவுடைமை என்பது மற்றொரு கட்சி. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்திற்கும், 1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் பொற்பதக்கத்திற்கும் கொண்டு சென்று, 1963 ஜூனில் புற்றுநோயால் மறைந்த சையத் அப்துல் ரகீமின் பெருமையை யாம் மறுப்பதற்கில்லை. ஆயின் வினா ஆட்டவீரரைப் பற்றியது. பயிற்சியாளரைக் கூறுதல் வினாவினின்று நழுவுதலாம்.

நம் கல்லூரியிலும் எம் ஊரிலும் மிகுதியான வாக்குப் பெறுபவர் பீட்டர் தங்கராஜ். அதற்குக் காரணங்கள் உள. ஐதராபாத்திற் பிறந்த இத்தமிழர் 1953-இல் படையிற் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் படையணி மையத்தின் அணியில் ஆடினார். அவ்வணி 1955-இலும் 1958-இலும் டூராண்டு கோப்பையை வென்றது. ஆறடிக்கு மேற்பட்ட உயரம். நெடுந்தொலை எறியும் கை. எதிரியின் எல்லைவரை பந்தைச் செலுத்தும் கால். 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் அணியில் இடம்பெற்றார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008 நவம்பரில் மறைந்தார். ஜகார்த்தா இறுதியாட்டத்தில் கோலைக் காத்தவரும் இவரே. இந்தியப் பிரதிநிதி ஒருவர் இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதைக் கண்டித்தமையால் வெகுண்டிருந்த பெருந்திரள், இந்தியர் பந்தைத் தொடுந்தோறும் கூச்சலிட்டது. அந்நிலையில் தென் கொரியாவை 2-1 என வென்றனர். இவர் முதலில் முன்வரிசை ஆட்டக்காரராயிருந்து பின் கோலுக்கு மாறியவர் என்பதைப் பலர் கருதுவதில்லை. 1992-இல், தன் அணியார் காலாற் பின்னோக்கித் தள்ளிய பந்தைக் கோலி கையால் எடுத்தல் கூடாதென விதி வந்தது. அன்று முதல் கோலிக்குக் காலும் கருவியாயிற்று. தங்கராஜ் இன்று வரினும் அவ்விதியைக் கண்டு அஞ்சார் என்பது என் துணிபு.

கோலி செவ்வனே நின்றாற் பாதி ஆட்டம் நம் கையில் என்பது எம் மாமா ஒருவரின் சித்தாந்தம். அவரொடு வாதிட்டு வென்றார் எம் தெருவில் இல்லை. ஆயினும் நக்கீரரொடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஊராகிய கீரமங்கலத்திற் பிறந்தவனுக்குப் பெரியோர் கூற்றிலும் குறை காணும் உரிமை சிறிது உண்டு. மாமா கூறும் பாதி ஆட்டத்திற்கு இன்று நமக்குப் பெரும் பஞ்சமில்லை. நெடுங்காலம் இந்தியக் கோலைக் காத்த குர்பிரீத் சிங் சந்து உயரத்தில் தங்கராஜுக்கு இளைத்தவரல்லர். நமக்கு வாயாத பாதி, கோல் அடித்தலே. 2024 ஜூனில் விடைபெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், அவர் நாற்பது வயது கடந்த பின்னர், மீண்டும் அணிக்குக் கொணர்ந்தனர் அன்றோ? நாம் விளையாட்டாகக் கேட்கும் வினாவை இந்திய அணியார் மெய்யாகவே கேட்டுவிட்டனர்! கோல் அடிப்பார் இன்மையினும் பெரிய சான்று இதற்கு வேண்டுவதில்லை. மேலும், தங்கராஜ் 1971 வரை ஆடித் தம் ஆட்டத்தை நிறைவுறச் செய்தவர். கையறுநிலை அவர்க்குப் பொருந்தும், நடுகல் பொருந்தாது.

எனவே யான் கூறும் பெயர் துளசிதாஸ் பலராம். 1936-இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் எளிய தமிழ்க் குடும்பத்திற் பிறந்தார். வீசியெறியப்பட்ட போலீஸ் பூட்சைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஆட்டத்திற்கேற்பத் திருத்தி அணிந்தார் என்பர். ரகீமின் கண்ணிற் பட்டு, ஐதராபாத் அணியில் ஆடி, இருபதாம் வயதில் மெல்பர்ன் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். பின்னர்க் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணியிற் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட கோல்களை அடித்தார். 1961-இல் அவ்வணியின் தலைவராயிருந்து லீக் பட்டத்தை ஈட்டினார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்னும் மூவரும் ஒருங்கு வைத்து எண்ணப்படுவர். பானர்ஜிக்கு வேகமும், கோஸ்வாமிக்கு நளினமும் தனிச்சிறப்பாயின், பலராமுக்கு எவ்விடத்தும் நின்று ஆடும் இயல்பு சிறப்பு. இடப்புற ஓரத்தினின்று உள்நோக்கி வருவார். பின்னே இறங்கிப் பந்தைப் பெறுவார். தாமே அடித்தலினும் பிறர்க்கு வழி திறத்தலை விரும்புவார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரியொடு பொருதியது. அவ்வணியில் புளோரியன் ஆல்பர்ட் இருந்தார். 1967-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர்க்குரிய பொற்பந்து விருதைப் பெற்றவர் அவர். அன்னார் முடிவில் வெண்கலம் பெற்றனர். அத்தகையாரிடம் இந்தியா 1-2 என்றே தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. (அவ்வொலிம்பிக்கில் பெரு நாட்டிற்கெதிராக இந்தியாவின் கடைசிக் கோலை அடித்தவரும் சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழர். இன்றுவரை ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா அடித்த கடைசிக் கோலும் அதுவே.) ஜகார்த்தாவில் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்ற ஆட்டங்களில் பலராம் கோல் அடித்தார். இறுதியாட்டத்திலோ, தலையிற் காயத்தொடு முன்வரிசையில் நின்ற ஜர்னைல் சிங்கும் பானர்ஜியும் கோல் அடிக்க, இவர் இடப்புறத்தில் நின்று ஓயாது உழைத்தார்.

அடுத்த ஆண்டே, ஏறத்தாழ இருபத்தேழு வயதில், நுரையீரலுறை அழற்சியால் ஆட்டத்தை விட நேர்ந்தது. ரகீம் மறைந்ததும் அதே 1963. ஓராண்டில் இந்திய உதைபந்தாட்டம் தன் மூளையையும் இடக்காலையும் இழந்தது எனின் மிகையாகாது. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடமும், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலமும் பெற்ற பின், அவ்வுயரத்தை நாம் மீண்டும் எட்டவில்லை.

பலராம் 2023 பிப்ரவரி 16 வரை வாழ்ந்தாரே, அவரைப் போரிடை வீழ்ந்தார் எனல் எங்ஙனம் என்று வினவலாம். மனிதர் வாழ்ந்தார், ஆட்டக்காரர் 1963-இலேயே வீழ்ந்தார். உடன் ஆடியோர் ஆடக் காணும் அறுபது ஆண்டுகள் அவர்க்கு வாய்த்தன. பத்மஸ்ரீ விருது கோஸ்வாமிக்கும் பானர்ஜிக்கும் கிடைத்தது. மூவருள் இவர்க்கு மட்டும் கிடைக்கவில்லை. விருது ஒருபுறம் கிடக்க, இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டிய கால்கள் அவை. இன்றைய மருத்துவம் அவற்றுட் சிலவற்றையேனும் மீட்டுத் தந்திருக்கும்.

அக்காலத்து ஆட்டம் வேறு, இக்காலத்து வேகம் வேறு. அவர் ஈடுகொடுப்பாரோ என்னும் ஐயமும் நியாயமானதே. இன்று முன்வரிசையார் பந்து தம்மிடம் இல்லாதபோதும் எதிரியை நெருக்க வேண்டும். ஓராட்டத்திற் பத்துக் கிலோமீட்டர் ஓடுதல் வியப்பன்று. எனினும் விதிகள் மாறிய வகையைக் காண்மின். பலராமின் காலத்தில் கடைசிக்கு முந்திய தடுப்பாளரொடு ஒரே வரிசையில் நின்றால் ஆப்சைடு; 1990 முதல் அது குற்றமன்று. அன்று மஞ்சள், சிவப்பு அட்டைகள் இல்லை. அவை 1970 உலகக் கோப்பையிலேயே வந்தன. பின்னிருந்து காலை வாரும் தடுப்பு 1998-இற் கடுங்குற்றமாயிற்று. மாற்றாட்டக்காரரும் அன்று இல்லாமையால், அடிபட்டவர் அடிபட்டவாறே ஆடவேண்டும். தையற்கட்டொடு ஜர்னைல் நின்றது அதனாலன்றோ? மழைநீரை உண்டு கனக்கும் தோற்பந்தும், கல்கத்தாச் சேறும் அக்காலத்தவர்க்கு நாள்தோறும் உள்ளவை. அத்துணைத் தடைகளுக்கிடையே கோல் அடித்தவர்க்கு, இன்றைய புல்தரையும் விதிகளும் துணையாகுமேயன்றிப் பகையாகா. ஓட்டத்தைப் பயிற்சியாற் கூட்டலாம். எவ்விடத்தில் எப்பொழுது நிற்பது என்னும் அறிவை அங்ஙனம் எளிதிற் கூட்டல் இயலாது. அது அவரிடம் இயல்பாகவே இருந்தது.

எம் ஊர் பூச்சந்தைக்கும் தென்னைக்கும் பெயர் பெற்றது. 2018 நவம்பரிற் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. தோப்புகள் திறந்த வெளியாய்க் கிடந்த நாட்களிலும் சிறுவர் ஆட்டத்தை விடவில்லை. இன்றும் அறுவடை முடிந்த வயலில் மாலைதோறும் பந்து உருள்கின்றது. அவர்தம் முதுகிற் காணும் பெயர்கள் மெஸ்ஸியும் ரொனால்டோவும். அதிற் குற்றமில்லை, நல்லதை எந்நாட்டிலிருந்தும் கொள்ளலாம். ஆயின் பழைய பூட்சைத் திருத்தி அணிந்த தமிழ்ச் சிறுவன் ஒருவன் ஹங்கேரிக்கெதிராகக் கோல் அடித்தான் என்று யான் கூறியபோது, அவருள் ஒருவன் நம்பாது, 'அண்ணே, கதையா?' என்றான். பலராமை அழைத்தற்கு இதனையும் ஒரு காரணமாக எண்ணுகின்றேன்.

எந்த ஆட்டத்திற்கு அழைப்பது என்பதையும் கூறிவிடுகின்றேன். 2025 அக்டோபர் 14-ஆம் நாள் கோவாவின் மட்காவில் இந்தியா சிங்கப்பூரொடு ஆடியது. 14-ஆம் நிமிடத்திற் சாங்டே அடித்த கோலால் முந்தியிருந்த நம் அணி, 44-ஆம் நிமிடத்தில் ஒன்றும் 58-ஆம் நிமிடத்தில் ஒன்றும் கொடுத்து 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தது. அந்த 58-ஆம் நிமிடத்திற்கும் ஆட்ட முடிவிற்கும் இடையில் அரைமணி நேரத்திற்குச் சற்று மேல் உண்டு. மாற்றாட்டக்காரரை இறக்க விதியும் இடந்தருகின்றது. இடப்புற ஓரத்திற் பந்தை வாங்கி உள்நோக்கித் திரும்ப வல்ல ஒருவர்க்கு அவ்வளவு நேரம் போதும்.