ஏற்றிவிடும் கைகளுக்கு

வடசென்னையின் சடையங்குப்பம், பர்மா நகர், மணலி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து விமானப்படைக்குத் தேர்வாகிப் போகும் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்து உட்கார்ந்து பேசுவது வழக்கம். நான் சரக்கு விமானங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் காலத்து ஆட்கள் கூடினால் பேச்சு எங்கெங்கோ போகும். பனி, பாலைவனம், யார் எந்த ஊரில் டீ போட்டான் என்பதுவரை போகும். ஆனால் ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை. ஏற்றுகிறவன் ஒழுங்காக ஏற்றினால்தான் ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்ட முடியும். கிளம்பும் பிள்ளைக்கு நான் சொல்லும் இந்தப் பத்து அறிவுரைகளும் அதிலிருந்து கிளைத்தவைதான்.

1. சண்டை விமானப் பிரிவு கிடைக்கவில்லையே என்று முகம் வாடாதே.

1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனைக் கொண்டுபோய் இறக்கியவை டக்கோட்டா விமானங்கள். விமானப்படையின் 12 ஆம் ஸ்குவாட்ரனோடு தனியார் கம்பெனி டக்கோட்டாக்களும் சேர்ந்து பறந்தன. அன்று அவை போய்ச் சேராமல் இருந்தால் அந்தக் காஷ்மீர்ப் போரின் கதையே வேறு. 1948 மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங், தளபதி திம்மையாவை உடன் வைத்துக்கொண்டு லடாக்கின் லே பள்ளத்தாக்கில் டக்கோட்டாவை இறக்கினார். பத்தாயிரம் அடிக்கு மேல், அதற்கு முன் எந்த விமானமும் இறங்காத இடம் அது. 1962 சீனப் போரில் ஆன்டனோவ் 12 விமானங்கள் டாங்கிகளையே லடாக்கின் சுஷுலுக்குத் தூக்கிச் சென்றன. போர் எங்கே நடந்தாலும் அங்கே முதலில் போய்ச் சேர வேண்டியது ஆளும் அரிசியும் குண்டும் மருந்தும். அந்த வேலைக்குத்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள். தலை நிமிர்ந்து போ.

2. எடை போடாத எதையும் ஏற்றாதே. கட்டாத எதையும் பறக்க விடாதே.

உன் அப்பாவோ அண்ணனோ எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஓட்டுபவராக இருக்கலாம். பூட்டு சரியாக விழாத கன்டெய்னர் வளைவில் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். விமானத்தில் அந்தத் தவறுக்கு ஓரம் கட்டி நிறுத்த இடம் கிடையாது. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து ராணுவ வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு போயிங் 747 சரக்கு விமானம் எழும்பியது. கட்டு போதவில்லை. வண்டி பின்னோக்கி நகர்ந்து வால் பக்கத்து இயக்கத்தையே உடைத்துவிட்டது. அதில் இருந்த ஏழு பேரும் போனார்கள். அமெரிக்க விசாரணை வாரியத்தின் அறிக்கை அப்படியே இருக்கிறது, தேடிப் படி.

ஆன்டனோவ் 32 சரக்கு விமானத்தின் அதிகபட்சச் சுமை 6.7 டன் என்று காகிதத்தில் இருக்கும். லே போன்ற உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில், அந்த எண் குறையும். வெயில் ஏறினால் இன்னும் குறையும். அதனால்தான் மலைப் பயணங்களை விடியற்காலையில் தொடங்கி முற்பகலுக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் கனத்தால் மூக்கு தூக்கும். மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கை காற்றைப் பிடிக்காது. "ஒரு மூட்டைதானே, ஓரமாகப் போடு" என்று யார் சொன்னாலும் அதையும் தராசில் வை, கணக்கில் எழுது, பிறகு ஏற்று.

3. உன் கையெழுத்தை இன்னொருவனுக்காகப் போடாதே.

ஃபார்ம் 700 என்ற புத்தகத்தை முதல் வாரத்திலேயே பார்ப்பாய். விமானத்துக்கு என்ன பார்த்தோம், என்ன மாற்றினோம், யார் பார்த்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். விமானி அதைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறார். நீ பார்க்காத நட்டுக்கு நீ கையெழுத்துப் போட்டால் அவரை ஏமாற்றுகிறாய். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணு. ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது கிடைக்கும்வரை மூடியை மூடாதே. மேலே இருப்பவர் அவசரப்படுத்தினால் மரியாதையோடு, ஆனால் தெளிவாக, "இன்னும் முடியவில்லை சார்" என்று சொல். திட்டு வாங்கலாம். தாமதத்துக்கு வாங்கிய திட்டு மாலைக்குள் மறந்துபோகும்.

4. பயணிகளின் பெயர்ப் பட்டியலை வேதம்போல் எழுது.

2016 ஜூலை 22 காலை நம் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஆன்டனோவ் 32 ஒன்று 29 பேரோடு கிளம்பியது. படையினரும் சிவிலியன்களும் அதில் இருந்தார்கள். வங்கக் கடலின் மேல் அது காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஏழு ஆண்டுகள் கழித்து, நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி கடலடியைப் படம் பிடித்தது. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அந்த விமானத்தின் உடைந்த பாகங்கள் கிடப்பதை 2024 ஜனவரியில் அறிவித்தார்கள்.

அத்தனை ஆண்டுகள் அந்த 29 பேரின் வீடுகளில் எப்படிப் பொழுது விடிந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஏறியவர் யார், ஏறாமல் நின்றவர் யார் என்று சொல்ல இருப்பது நீ எழுதிய தாள் மட்டும்தான். கடைசி நிமிடத்தில் ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறினால் உடனே திருத்து. பெயரில் எழுத்துப் பிழை விடாதே. நீ பயணியாகப் போகும்போது எந்த விமானம், எந்த நாள் என்று விதி அனுமதிக்கும் அளவுக்கு வீட்டுக்குச் சொல். கடலின் மேல் பறக்கும்போது உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று பயணிகளுக்குக் காட்டாமல் கதவை மூடாதே.

5. வானிலையோடு வீம்பு பிடிக்காதே.

1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லேவுக்குப் போன ஆன்டனோவ் 12, வானிலை சரியில்லை என்று திரும்பும் வழியில் ரோதாங் கணவாய்ப் பக்கம் மறைந்தது. அதில் 102 பேர் இருந்தார்கள். 2003 இல் மலையேறிகள் கண்ணில் முதல் தடயம் பட்டது. 2024 இல் மேலும் நான்கு உடல்கள் பனியிலிருந்து கிடைத்தன. அந்த வீரர்களின் குடும்பங்கள் 56 ஆண்டுகள் கழித்து இறுதிச் சடங்கு செய்தன. மலை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கேப்டன் திரும்பலாம் என்றால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று முணுமுணுக்காதே. சரக்கு நாளைக்குப் போகலாம். கிளம்புவதற்கு முன் வானிலை அறிக்கையை நீயும் படித்துப் பழகு. படிக்கச் சொல்லி யாரும் கேட்காவிட்டாலும் படி.

6. கீழே போடுவது கீழே இருப்பவனுக்குக் கிடைக்க வேண்டும்.

1987 ஜூன் 4 அன்று பெங்களூரிலிருந்து ஐந்து ஆன்டனோவ் 32 விமானங்கள், மிராஜ் 2000 விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் நிவாரணப் பொருள்களைப் போட்டன. அதற்கு முந்தைய நாள் படகுகளில் அனுப்பியதை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் பூமாலை. அரசியல் சரியா தவறா என்று இன்றும் எங்களுக்குள் விவாதம் நடக்கும், நடக்கட்டும். உனக்கு அதில் பாடம் வேறு. மூட்டையைத் தள்ளுவதற்குக் கிடைப்பது விநாடிகள்தான். தள்ளச் சொல்லும் பச்சை விளக்கு எரியும்போது கை தயங்கினால் மூட்டை அடுத்த பள்ளத்தாக்கில் விழும். பாரசூட்டின் கொக்கியைக் கண்ணால் மட்டும் பார்க்காதே, கையால் இழுத்துப் பார். சியாச்சின் போன்ற இடத்தில் மண்ணெண்ணெய்க்காகக் காத்திருக்கும் சிப்பாய்க்கு வேறு கடை கிடையாது. திறந்த கதவருகே நிற்கும்போது உன் இடுப்பு வாரை முதலில் மாட்டு.

7. ஏறி வரும் மக்களைச் சரக்காக நினைக்காதே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபார் விமானத்தளத்தையே வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட படையினரும் குடும்பத்தினரும் இறந்தார்கள். மிஞ்சிய ஓடுதளத்தில் விமானங்கள் இறங்கி, உயிர் பிழைத்தவர்களை ஏற்றி வந்தன. 2015 டிசம்பரில் மீனம்பாக்கம் விமான நிலையம் நீரில் மூழ்கியபோது அரக்கோணம் கடற்படைத் தளம் நமக்குக் கை கொடுத்தது. மீட்புப் படையினரைச் சுமந்து சரக்கு விமானங்கள் வந்தன. 2023 மிக்ஜாம் புயலில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது எப்படி நின்றோம் என்று உனக்கே தெரியும். அந்த நாள்களில் சென்னையின் மேல் விமானப்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலம் போட்டன.

அதனால் நீ மறுபக்கத்தில் நிற்கும் நாள் வரும்போது முதலில் தண்ணீர் கொடு. வயதானவரைக் கைபிடித்து ரேம்ப்பில் ஏற்று. குழந்தைக்கும் தாய்க்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கொடு. இரைச்சலில் உன் குரல் கேட்காது. முகத்தைப் பார்த்துச் சைகையில் சொல். வெள்ளம் பார்த்த ஊர்ப் பிள்ளை நீ. இதை உன்னைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

8. காதையும் முதுகையும் காப்பாற்று.

என் வயதுக்காரர்களிடம் பேசும்போது நீ கத்த வேண்டியிருக்கிறது அல்லவா? டர்போபிராப் இன்ஜின் பக்கத்தில் காதுக்கவசம் இல்லாமல் நிற்பதை வீரம் என்று நினைத்த தலைமுறை அது. நீ கவசம் போடு. குனிந்து தூக்காதே, உட்கார்ந்து, முழங்காலை மடித்துத் தூக்கு. சளி பிடித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் பறக்காதே. காது ஜவ்வு போய்விடும்.

9. சிரி, ஆனால் நேரம் பார்த்துச் சிரி.

சரக்கு விமானக்காரர்களின் கிண்டலுக்கு ஈடு கிடையாது. சண்டை விமானப் பிரிவு ஆட்கள் எங்களை லாரிக்காரர்கள் என்பார்கள். "உங்கள் ஸ்குவாட்ரன் ஊர் மாறும்போது உங்கள் மெக்கானிக், டூல் பெட்டி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் எந்த லாரியில் வருகிறது?" என்று கேட்டால் அவர்களே டீ வாங்கிக் கொடுப்பார்கள். பஞ்சாபி, மலையாளி, நாகா, பிகாரி எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடும் இடம் அது. இந்தியைக் கூச்சப்படாமல் கற்றுக்கொள்; அவர்களுக்கு நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொடு. நம் ஊர் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று போதும், ஆறு மாத நட்புக்கு. ஆனால் இன்ஜின் ஓடும்போதும், சுமை ஏறும்போதும், பச்சை விளக்கு எரியும்போதும் கிண்டல் வேண்டாம். புதிதாக வந்த பையனை அழவைக்கும் கிண்டல் எப்போதுமே வேண்டாம்.

10. நான்கு ஆண்டையும் வீணாக்காதே. கற்றதை உன்னோடு வைத்துக்கொள்ளாதே.

2022 முதல் நீங்கள் அக்னிவீரர்களாகச் சேருகிறீர்கள். நான்கு ஆண்டு முடிவில் 25 விழுக்காடு பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். வெளியே வருபவர்களுக்குச் சேவா நிதி என்று ஒரு தொகை வரும். 2022 இல் அறிவித்த கணக்கு 11.71 லட்சம் ரூபாய். அதைப் பைக்கில் போடாதே. உள்ளே இருக்கும்போதே படி, சான்றிதழ்களை ஒழுங்காக வாங்கு. எடை, சமநிலை, கட்டு, ஆபத்தான சரக்கு பற்றிய விதிகள் எல்லாம் மீனம்பாக்கம் சரக்கு முனையத்திலும் எண்ணூர் துறைமுகத்திலும் கூலி தரும் அறிவு.

இன்னொன்று. 1947 இல் ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டக்கோட்டாவின் எண் விபி 905. அந்த எண்ணைத் தாங்கிய பழைய டக்கோட்டா ஒன்று 2018 முதல் நம் விமானப்படையில் மறுபடி பறக்கிறது. அன்றைய விமானிகள் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தக் காலையில் டில்லியில் பெட்டி தூக்கி ஏற்றியவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் எழுதி வைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ரகசியம் எதையும் எழுதாதே. ஆனால் உன்னோடு வேலை செய்தவர்களின் பெயரை, கற்றுக்கொடுத்தவரின் ஊரை, ஒவ்வொரு தவறும் எப்படி நடந்தது, எப்படிப் பிடித்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுது. விடுப்பில் வரும்போது அதைக் கொண்டு வா. பர்மா நகரில் அடுத்துத் தேர்வு எழுதக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அதை நீயே அவர்களுக்குப் படித்துக் காட்டு.