மணிக்கட்டு முறிந்தால் நட்டஈடு

உப்பளத்து மளிகைக்காரர் ஒருவர் சரக்கெடுக்கத் திண்டிவனம் போகிறார். கண்மூடித்தனமாக வந்த லாரி மோதி மணிக்கட்டு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். வழக்குக்காகத் திண்டிவனம் அலைய வேண்டியதில்லை. கடை நடத்தும் புதுச்சேரியிலேயே மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். சட்டத்திலுள்ள கெடு 6 மாதம்.

ஊனச் சான்றில் 20 சதவீதம் என்றிருந்தால் வருமான இழப்பும் அவ்வளவே என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ராஜ்குமார் வழக்கில் (2010) உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போய்விடலாம், அரசு எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம். மூட்டை தூக்கி, எடை போட்டு, பொட்டலம் கட்டும் நம்மவர் தச்சர் பக்கம்தானே? எந்தெந்த வேலை முடியாது என்பதை மருத்துவர் சாட்சியத்தில் சொல்லவேண்டும். வருமானத்துக்குக் கணக்குப் புத்தகமும் வரித் தாக்கலுமே ஆதாரம். விற்பனையைக் குறைத்து எழுதியவருக்கு இங்கேதான் இடிக்கும். மாற்றாள் வைத்தால் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கி வைக்கவும்.