பல்கலைக்கழகக் கல்வியில் இணையவழிப் பயிற்சிகளின் பயன்

உயர்கல்வியை வகுப்பறைக்கு வெளியே கொண்டு செல்லும் முயற்சி இந்தியாவுக்குப் புதியதன்று. 1962ஆம் ஆண்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பெற்ற ‘ஸ்வயம்’ இணையத்தளம் இம்முயற்சியின் அடுத்த கட்டமாகும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தொலைக்காட்சி பாடம் சொல்லியது. மாணவர் புரிந்துகொண்டாரா என்று கேட்க அதனால் இயலவில்லை. இணையத்தால் வினா எழுப்பவும் விடையைத் திருத்தவும் இயலும். இவ்வசதி எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே இணையவழிக் கல்வியின் பயன் அமைகிறது.

பட்டமும் பயிற்சியும்

ஒரு பருவத்தில் நடத்தப்பெறும் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் பயில மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. 2021இல் இவ்வரம்பு 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எனவே, இப்பயிற்சிகளின் தரம் இன்று பட்டத்தின் தரத்தோடு பிணைந்துள்ளது.

ஸ்வயம் பாடம் நான்கு பகுதிகளைக் கொண்டது: காணொலி விரிவுரை, பாடக்குறிப்பு, தன்மதிப்பீட்டுப் பயிற்சி, ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல். முதல் இரண்டும் மாணவருக்கு வழங்கப்படுபவை; பின்னிரண்டும் மாணவரைச் செயற்படச் செய்பவை.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவில் இணையவழி நடந்த உளவியல் அறிமுகப் பாடமொன்றை ஆராய்ந்து, கார்னகி மெலன் பல்கலைக்கழக அறிஞர்கள் 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். கூடுதலாகக் காணொலி பார்ப்பதையும் படிப்பதையும் விட, கூடுதலாகப் பயிற்சி செய்வது ஏறத்தாழ ஆறு மடங்கு பயனளிப்பதாக அவர்கள் மதிப்பிட்டனர்.

இதன் காரணத்தை உணர்வது எளிது. திட்ட விலக்கத்தை ஆசிரியர் திரையில் கணக்கிடும்போது எல்லாம் விளங்கியதாகவே தோன்றும். மாணவர் தாமே கணக்கிட முற்படும்போதுதான், எண்ணிக்கையால் வகுப்பதா, ஒன்று குறைத்து வகுப்பதா என்ற ஐயம் எழுகிறது. அவ்வையம் எழும் இடமே கற்றல் தொடங்கும் இடம்.

குறைபாடுகள்

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். சான்றிதழ்ப் பாடங்களில் வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண்ணும், மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் உண்டு. பயிற்சி விடைகள் கைமாறுமாயின் 25 மதிப்பெண் எளிதில் கிட்டும்; அறிவு கிட்டாது. பயிற்சியில் முழு மதிப்பெண் பெற்றவர் தேர்வில் தடுமாறினால், அவ்விடைவெளியே கல்லூரிக்கு ஓர் எச்சரிக்கை. மேலும், பல விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா, விடை தவறு என்பதைக் காட்டும். எந்தப் படியில் தவறு நேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

வாய்ப்பின் ஏற்றத்தாழ்வும் கருதத்தக்கது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 சதவீதத்திடமும் ஊரகக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடமும் மட்டுமே கணினி இருந்தது. அதன்பின் கைப்பேசி இணையம் பெரிதும் பரவியுள்ளது. எனினும், விரிவுரை கேட்கப் போதுமான சிறுதிரை, நிரல் எழுதவும் வரைபடம் வரையவும் போதுமானதன்று. பயனுள்ள பயிற்சியே வசதி குறைந்த மாணவருக்கு எட்டாமற்போகும் நிலை இது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, வாரம் ஒரு மணி நேரமேனும் உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர் மாணவரை அமர்த்தி, அவர்கள் தவறிய கணக்குகளை மீண்டும் செய்விக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு மாணவருக்கும் எண்களை மாற்றி வினா வழங்கினால், விடையைப் பார்த்தெழுதுவது பயனற்றதாகும். மூன்றாவதாக, கல்லூரிக் கணினிக்கூடங்கள் வகுப்பு முடிந்த பின்னும் திறந்திருக்க வேண்டும்.

விரிவுரையை நாடெங்கும் அனுப்ப ஓர் ஒளிப்பதிவு போதும். ஆனால் மாணவரின் தவற்றை உரிய நேரத்தில் கண்டு திருத்த, அருகில் ஓர் ஆசிரியர் தேவை. இவ்விரண்டும் இணையும்போதுதான் இணையவழிக் கல்வி முழுப் பயனைத் தரும்.