கணக்குப் பெட்டிக்கும் அடக்கவிலை போடுவோம்

மூட்டை விலையை மட்டும் பார்த்து நாம் சரக்கு எடுப்பதில்லை. லாரி வாடகை, இறக்குகூலி, சேதாரம் எல்லாம் ஏற்றித்தான் அடக்கவிலை போடுகிறோம். ஆனால் பில் கணக்கும் கேமரா பதிவும் வைக்க நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி வாங்கும்போது மட்டும் கொட்டேஷன் தொகையோடு நின்றுவிடுகிறோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பேக்பிளேஸ் என்ற நிறுவனம், பிறருடைய கணினிப் பதிவுகளைக் கட்டணத்துக்கு வைத்துக் காக்கும் தொழில் செய்வது. நம்மூர் குளிர்பதனக் கிடங்கு போல. கம்பெனிப் பெட்டிகள் கட்டுப்படியாகாமல், தானே பெட்டி செய்து, 1.5 டெராபைட் டிஸ்க் 45 அடுக்கி, 2009இல் அந்தக் கணக்கை வெளியிட்டது. 67 டெராபைட் பெட்டி 7,867 டாலர். 1,000 டெராபைட்டுக்கு 1,17,000 டாலர். அதில் டிஸ்க் மட்டுமே 81,000. அதே அளவை அமேசானிடம் 3 ஆண்டு வாடகைக்கு வைத்தால் 28 லட்சம் டாலர் என்றும் காட்டியது.

இதைப் பார்த்து நாமும் சொந்தமாகச் செய்யலாமே என்று தோன்றும். அவர்களுக்குப் பெட்டிகள் பல. கூலியும் மேற்பார்வையும் அத்தனைக்கும் பகிர்ந்துபோகும். நமக்கு ஒரே பெட்டி. பழுது பார்க்க வருபவரின் கூலி முழுதும் அதன் தலையில்தான் விழும்.

அடுத்தது சேதாரம். அந்த 45 டிஸ்க்கும் 15 வீதம் மூன்று தொகுதி. தொகுதிக்கு 2 டிஸ்க்கின் இடம் பாதுகாப்புக்கே போய்விடும். மிச்சம் 39, கொள்ளளவு 58.5 டெராபைட். டெராபைட் 117 டாலர் என்பது 134 ஆகிறது. நாம் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றின் நகலாக மற்றொன்றை வைத்தால், கையில் நிற்பது பாதிதான். (4 டெராபைட் டிஸ்க்கைக் கணினி 3.6 என்று காட்டுவது எடைக் குறைவு அல்ல. விற்பவர் ஆயிரத்தில் எண்ணுகிறார், கணினி 1,024இல் எண்ணுகிறது.)

40 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 350 யூனிட். கடை மின்கட்டண விகிதத்தில் பெருக்கிக்கொள்ளவும்.

டிஸ்க்குக்கும் விலையேற்றம் உண்டு. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி, டிஸ்க் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஆளுக்கு இரண்டுதான் என்று கடைகள் கட்டுப்பாடு போட, அதே பேக்பிளேஸ் ஆட்கள் கடை கடையாக ஏறி, சில்லறையில் வாங்கி, மேல்கூட்டை உடைத்து உள்ளிருந்த டிஸ்க்கை எடுத்துப் போட்டார்கள். ஆகவே பெட்டி வாங்கும்போதே ஒரு டிஸ்க் உபரியாக வாங்கி வைப்பது நல்லது.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். டிஸ்க் வாரண்டி பெரும்பாலும் 3 ஆண்டு, மிஞ்சினால் 5. எனவே ஒருமுறை டிஸ்க் மாற்றும் செலவையும் இப்போதே அடக்கத்தில் ஏற்ற வேண்டும்.

கடைசியாக, நாம் கூலி கொடுத்துக் கற்றது. நம் மண்டியில் இரண்டு டிஸ்க் நகல் ஓடுகிறது என்ற தைரியத்தில் இருந்தோம். கணக்குப்பிள்ளை தவறுதலாக ஒரு மாதப் பற்றுவரவை அழித்தார். அந்த நொடியே இரண்டிலும் அழிந்தது. யார் எவ்வளவு பாக்கி என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டு எழுதினோம். சிலர் குறைத்தே சொன்னார்கள். இப்போது வாராவாரம் சனிக்கிழமை கடை அடைத்ததும் தனி டிஸ்க் ஒன்றில் எடுத்து, வயரைக் கழற்றி, வீட்டு பீரோவில் வைக்கிறோம். அந்த டிஸ்க்கின் விலையும் அடக்கத்தில் சேர்ந்ததே.